அந்தப் பச்சை ஃபியூஸை முதலில் கழற்றுங்கள்

கேள்வி: நான் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. எங்களிடம் ஏழு வருடப் பழைய சின்ன கார் இருக்கிறது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு. மாதம் ஒருமுறை மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். அம்மாவின் கையடக்க நெபுலைசர், என் போன் இரண்டையும் காரின் 12 வோல்ட் சாக்கெட்டில்தான் சார்ஜ் போடுவேன். இரண்டு மாதம் முன்பு வடுவூர் தாண்டி டயரில் காற்று இறங்கிவிட்டது. சாக்கெட்டில் செருகுகிற பம்பை வைத்துத் தம்பி காற்றடித்தான். பாதியில் பம்பு நின்றது. பார்த்தால் ஃபியூஸ் போயிருந்தது. அதே அளவில் புதிது போட்டோம். மறுநாள் போன் சார்ஜரைச் செருகியதும் அதுவும் போனது. வழியில் ஒரு கடையில், "சும்மா சும்மா போவும், பெருசா போட்டுடுறேன்" என்று பச்சை நிற ஃபியூஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது, சாக்கெட் நின்றுவிட்டது. ஆனால் ஃபியூஸ் நன்றாகவே இருக்கிறது. டாஷ்போர்டு வயரிங்கை முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? நானே ஏதாவது சோதித்துப் பார்க்க முடியுமா?

பதில்: கும்பகோணத்தில் கார் எலக்ட்ரிகல் பட்டறை நடத்துபவர்

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

மற்றதெல்லாம் பிறகு. இதைப் படித்த கையோடு போய் அந்தப் பச்சை ஃபியூஸைக் கழற்றி எடுத்துவிடுங்கள். சாவி வண்டியில் இருக்கக் கூடாது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம், ஒரு மூடிக்குள் ஃபியூஸ் பெட்டி இருக்கும். சில வண்டியில் பானட்டுக்குள் இருக்கும் பெட்டியில் இருக்கும். கடைக்காரர் எங்கே கை விட்டார் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூடியின் உள்பக்கம் படம் போட்டிருப்பார்கள். அதில் சிகரெட் படமோ, 'லைட்டர்', 'ஏசிசி சாக்கெட்', 'பவர் அவுட்லெட்' என்று ஆங்கிலத்திலோ போட்டிருக்கும் இடம்தான். பெட்டியிலேயே ஒரு சின்ன பிளாஸ்டிக் இடுக்கி சொருகியிருந்தால் அதால் பிடித்து நேராக மேலே இழுங்கள்.

அந்த ஃபியூஸ் இல்லாமல் வண்டி ஓடும். சில மாடல்களில் அதே ஃபியூஸில் ஸ்டீரியோவும் சைடு மிரர் மோட்டாரும் சேர்ந்திருக்கும். மிரரைக் கையால் சரிசெய்துகொண்டு, பாட்டில்லாமல் தஞ்சாவூர் போய் வரலாம். கருகிய வயரில் கரண்ட் இருக்க, அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு போக வேண்டாம். ஃபியூஸை எடுத்த பிறகும் வாடை வந்தால் வண்டியை ஓரம் கட்டி, எல்லோரும் இறங்கி, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு எலக்ட்ரீஷியனை வண்டி நிற்கும் இடத்துக்கே வரச்சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நடந்ததை வரிசை மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் 'சாக்கெட் வேலை செய்யல' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் எழுதியதில் பாதி நோயை வண்டியைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடலாம்.

ஃபியூஸ் என்பது போனையோ நெபுலைசரையோ காப்பாற்ற வைத்ததில்லை. அது வயரைக் காப்பாற்ற வைத்தது. கம்பெனியில் சாக்கெட்டுக்கு எந்தப் பருமனில் வயர் இழுத்தார்களோ, அது தாங்குகிற அளவுக்குத்தான் ஃபியூஸும் போட்டிருப்பார்கள். வண்டியைப் பொறுத்து 10, 15 அல்லது 20 ஆம்பியர். தட்டை ஃபியூஸில் நிறமே அளவைச் சொல்லிவிடும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மேல்முனையில் எண்ணும் இருக்கும். உங்களுக்குப் போட்டுக் கொடுத்தது 30. நம் ஊரில் சொன்னால் சட்டென்று புரியும்: வாய்க்கால் தாங்குகிற தண்ணீருக்குத்தான் மதகு வைக்கிறார்கள். மதகை மட்டும் இரண்டு மடங்கு அகலமாக்கிவிட்டு வாய்க்காலை அப்படியே விட்டால், கரை எங்கே இளகியிருக்கிறதோ அங்கே உடைத்துக்கொள்ளும். உங்கள் காரில் நடந்தது அதுதான். வாடை வந்திருக்கிறது, சாக்கெட் செத்திருக்கிறது, ஃபியூஸ் முழுசாக நிற்கிறது. அப்படியானால் ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒன்று எரிந்து அறுந்திருக்கிறது. அது எது என்று தேடுவதுதான் இனி வேலை.

முதல் ஃபியூஸ் போனதில் மர்மம் எதுவும் இல்லை. போன் சார்ஜர் 18, 20 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் அது ஒன்றரை ஆம்பியரும் சொச்சமும். லேப்டாப் சார்ஜர் 65 வாட் என்றால் ஐந்தரை, ஆறு ஆம்பியர். டயர் பம்பு அப்படியில்லை. சின்ன பம்பே 10 ஆம்பியர் இழுக்கும், கொஞ்சம் பெரியது 15ஐத் தொடும். அதிலும் டயரில் காற்று ஏற ஏற மோட்டார் திணறும், இழுவை கூடும். அதனால்தான் பாதிக் காற்றில் நின்றிருக்கிறது. இந்தச் சாக்கெட்டே முதலில் சிகரெட் லைட்டருக்காக வந்தது. லைட்டரும் நிறைய கரண்ட் இழுக்கும்தான், ஆனால் சில நொடியில் சூடேறித் தானாக வெளியே துள்ளிவிடும். பம்பு அதே இடத்தில் பத்து நிமிஷம் விடாமல் இழுக்கிறது. நடு காண்டாக்டும் பிளக்கின் முனையும் தொடுகிற அந்தச் சின்னப் புள்ளியில் சூடு கட்டிக்கொள்கிறது. நடு காண்டாக்டைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் இளகுகிறது.

இரண்டாவது ஃபியூஸ்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னது. ஒன்றரை ஆம்பியர் சார்ஜரால் ஃபியூஸ் போகாது. சார்ஜருக்குள்ளேயே ஷார்ட் என்றும் சொல்ல முடியாது. அதே சார்ஜர் பிறகு ஒரு வாரம் ஓடியிருக்கிறது. ஆகவே செருகும்போது சாக்கெட்டுக்குள் லைனும் எர்த்தும் தொட்டிருக்கின்றன. இளகிய பிளாஸ்டிக்கில் நடு காண்டாக்ட் சாய்ந்து உட்கார்ந்து, பிளக் அழுத்தும்போது பக்கச் சுவரோடு உரசியிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. பழைய அளவு ஃபியூஸ் அதை உடனே பிடித்துவிட்டது. 30 ஆம்பியர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டது. தொட்டும் தொடாமலும் ஒரு வாரம் சூடேறி, சாக்கெட்டின் உள்ளேயோ, பின்னால் வயரைச் சாக்கெட்டோடு இணைக்கும் சொருகு பிளாஸ்டிக்கான கப்ளரிலோ கருகி அறுந்திருக்கிறது. இரண்டாவது ஃபியூஸ் போன அன்றைக்கே ஒருவர் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் ஒரு சாக்கெட் விலையோடு முடிந்திருக்கும். அதைத்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

நீங்களே பார்க்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ஃபியூஸ் வெளியே இருக்கும்போது போன் டார்ச்சை நேராகச் சாக்கெட்டுக்குள் அடியுங்கள். நல்ல சாக்கெட்டில் அடியில் நடுவே பித்தளைப் பொட்டு போல ஒரு காண்டாக்ட் நிமிர்ந்து நிற்கும்; அதைச் சுற்றி வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒழுங்கான வட்டத்தில் இன்சுலேட்டர்; பக்கச் சுவர் பளபளவென்று இருக்கும். உங்களுடையதில் நடுப் பொட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, சுற்றியுள்ள பிளாஸ்டிக் மெழுகு மாதிரி வழிந்திருக்கிறதா, சுவரில் நீலமும் பழுப்புமாகச் சூட்டுத் தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். சார்ஜரின் முனையையும் எடுத்துப் பாருங்கள். அங்கேயும் அதே தழும்பு இருக்கும்; உள்ளே அமுங்கி வர வேண்டிய முனை அமுங்கியபடியே நின்றிருக்கலாம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போதும், சாக்கெட்டும் சார்ஜரும் மாற்ற வேண்டியவை. அதற்கு மேல் நீங்கள் எதையும் சோதிக்க வேண்டாம். புது ஃபியூஸைப் போட்டு 'ஒருதரம் பார்ப்போமே' என்று மட்டும் பார்க்காதீர்கள்.

பார்வைக்குச் சுத்தமாக இருந்தால் வேறு கதை. நம் பக்கத்து வண்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பதைச் சொல்கிறேன். நவக்கிரகக் கோயில்களுக்குப் போய்வருகிற வண்டிகளில் விபூதிப் பொட்டலத்தையும் குங்குமத்தையும் கியர் பக்கத்துக் குழியில்தான் போடுவார்கள். சாக்கெட்டும் அங்கேதான் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். உள்ளே விழுந்த விபூதி ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இழுத்து நடு காண்டாக்டின் மேல் பற்று போட்டது போல் இறுகிவிடும். ஃபியூஸ் நன்றாக இருக்கும், வயர் நன்றாக இருக்கும், சார்ஜ் மட்டும் ஏறாது. இன்னொன்று சில்லறை: பழைய நாலணாக் காசு, மாத்திரை அட்டையின் வெள்ளித் தாள், ஸ்டேப்ளர் பின். இவை விழுந்தால் ஷார்ட்தான், செருகச் செருக ஃபியூஸ் போகும். அம்மா மாத்திரை சாப்பிடுகிற வண்டி என்பதால் அந்த வெள்ளித் தாளைக் கட்டாயம் தேடுங்கள். ஃபியூஸ் வெளியே இருக்கும்போது மட்டும், மூங்கில் குச்சியாலோ பிளாஸ்டிக் இடுக்கியாலோ எடுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர், ஹேர்பின் எதுவும் உள்ளே போகக் கூடாது. பற்று இருந்தால் உலர்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டி, ஜீரோ நம்பர் உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றி நடுப் பொட்டை லேசாகத் தேயுங்கள். தண்ணீர், தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் விட வேண்டாம். ஆட்டோ பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒரு பீச்சு போதும். அது காய்ந்த பிறகுதான் ஃபியூஸ்.

இனி டெஸ்ட் லேம்ப். மல்டிமீட்டர் வைத்திருந்தால் நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கு நான் பல்பைத்தான் நம்புவேன். வயரில் பத்து நூலில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. பல்பு இழுக்கும். இண்டிகேட்டரில் போடுகிற 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் வைத்துக் கட்டினால் அது இழுப்பது ஒன்றே முக்கால் ஆம்பியர், ஏறக்குறைய உங்கள் போன் சார்ஜர் இழுக்கிற அளவு. அது பிரகாசமாக எரிந்தால் சார்ஜரும் வேலை செய்யும். மங்கலாக எரிந்தால் எங்கோ லூஸ் காண்டாக்ட்.

இதைவிட நல்ல உபயோகம் ஒன்று இருக்கிறது. உங்களிடம் போன ஃபியூஸ்கள் இரண்டு இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் ஒன்றின் மேல் பிளாஸ்டிக்கை உடைத்து, இரண்டு காலிலும் தனித்தனியாக ஒரு முழ வயர் சால்டர் வைத்து, அந்த வயர்களின் மறுமுனையில் 21 வாட் பல்பைக் கட்டச் சொல்லுங்கள். டிவி, ரேடியோ ரிப்பேர் பார்க்கும் எவரும் அஞ்சு நிமிஷத்தில் செய்து கொடுப்பார். இதை ஃபியூஸ் இருந்த இடத்தில் சொருகுங்கள். சாக்கெட்டில் எதுவும் செருகியிருக்கக் கூடாது, ஸ்டீரியோ ஆஃப். சாவியை ஏசிசி நிலைக்கு, அதாவது என்ஜின் ஓடாமல் ஸ்டீரியோ மட்டும் ஓடுகிற நிலைக்கு, திருப்புங்கள். பல்பு எரியாமல் இருந்தால் லைனில் நேரடி ஷார்ட் இல்லை. பளிச்சென்று எரிந்தால் சாக்கெட்டிலோ வயரிலோ ஷார்ட் இருக்கிறது. கரண்ட் முழுவதும் பல்பு வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் ஷார்ட் இருந்தாலும் எதுவும் கருகாது, ஃபியூஸும் வீணாகாது. எரிகிறது என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சாக்கெட்டின் பின் கப்ளரை உருவி, கேபிளை மறுபடி மாட்டிப் பாருங்கள். பல்பு அணைந்துவிட்டால் ஷார்ட் சாக்கெட்டுக்குள். அப்படியும் எரிந்தால் வயரில். வயரை அங்கங்கே மெல்ல அசைக்கும்போது பல்பு எந்த இடத்தில் மின்னுகிறதோ அதுதான் இடம். சின்ன ஸ்க்ரீன் வைத்த வண்டியில் அதற்கு எப்போதும் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருக்கும், அதனால் பல்பு லேசாகச் சிவந்தால் பதற வேண்டாம்.

ஷார்ட் இல்லை என்று தெரிந்த பிறகு, மூடியில் போட்டிருக்கும் அதே அளவு ஃபியூஸைப் போட்டு, லைன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தட்டை ஃபியூஸின் தலையில் இரண்டு பொட்டு உலோகம் வெளியே தெரியும். டெஸ்ட் பல்பின் ஒரு முனையைப் பெயிண்ட் இல்லாத பாடி இரும்பில் வைத்து, மறுமுனையால் இரண்டையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் வரை சரி, கோளாறு சாக்கெட் பக்கம். ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டிலும் எரியாவிட்டால் கோளாறு அதற்கும் மேலே, ரிலேயிலோ சாவி சுவிட்சிலோ. அப்போது ஸ்டீரியோவும் செத்திருக்கும். சாக்கெட்டில் நடுப் பொட்டுக்கும் பாடி இரும்புக்கும் இடையே பல்பு எரிகிறது, நடுப் பொட்டுக்கும் சாக்கெட்டின் பக்கச் சுவருக்கும் இடையே எரியவில்லை என்றால் எர்த் வயர் விட்டிருக்கிறது. வேதாரண்யம், வேளாங்கண்ணி பக்கம் வண்டி நிற்கிறவர்களுக்கு உப்புக் காற்றில் எர்த் வயரின் முனை வளையத்தில் பச்சை பூத்து இது வரும். கழற்றி, சுரண்டி, மறுபடி முறுக்கினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. டாஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட வயரோ மஞ்சள் கப்ளரோ தெரிந்தால் அது ஏர்பேக்குடையது. அதில் பல்பையும் மீட்டரையும் வைக்கவே கூடாது. சாக்கெட்டைக் கழற்றுவதென்றால் முதலில் பேட்டரி நெகட்டிவ், பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர். பிறகு சில நிமிஷம் பொறுத்துத்தான் உள்ளே கை.

உங்கள் வண்டியில் நீங்கள் இந்தச் சோதனை வரை வரவேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். வாடை வந்துவிட்டதே. எலக்ட்ரீஷியனிடம்தான் போக வேண்டும். ஆனால் என்ன செய்யச் சொல்வது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

டாஷ்போர்டு வயரிங் முழுவதும் மாற்ற வேண்டும் என்றவரிடம், எதைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்காமல் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். சாக்கெட்டை மட்டும் மாற்றச் சொன்னவர் பாதி சரி. புது சாக்கெட்டைப் பழைய கருகிய கப்ளரில் மாட்டினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. செய்ய வேண்டியது நடுவில் இருக்கிறது. சாக்கெட்டை வெளியே எடுத்து, கப்ளரைக் கழற்றி, வயரை விரலால் தடவியபடி பின்னோக்கிப் போக வேண்டும். நல்ல வயரின் மேலுறை மெத்தென்று வளையும். சூடு பட்ட வயர் விறைத்து, வளைத்தால் நொறுங்கும். எங்கே மெத்தென்று ஆகிறதோ அங்கிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டி, உள்ளே செம்பு பளிச்சென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுத்த செம்பில் சால்டர் பிடிக்காது. முறுக்கி டேப் சுற்றி விட்டால் மறுபடி அதே சூடு அங்கே பிறக்கும். வெட்டிய இடத்தில் அதே பருமன் வயரைச் சேர்த்து, சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற ஹீட் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். வெறும் டேப் சித்திரை வெயிலில் பசை விட்டு அவிழ்ந்துவிடும். கப்ளர் புதிது, சாக்கெட் புதிது. பக்கத்தில் சேர்ந்து ஓடுகிற மற்ற வயர்களின் மேலுறையும் ஒட்டியிருக்கிறதா என்பதைக் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபியூஸ் பெட்டியில் அந்தச் சொருகு இடமும் பழுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 30 ஆம்பியர் ஓடிய வண்டியில் இந்தக் கடைசி இரண்டையும் விடவே கூடாது. சூடு அந்தக் கட்டு முழுக்கப் பரவியிருந்தால், அப்போது மட்டும், பெரிய வயரிங் வேலையைப் பற்றிப் பேசலாம். தேவையில்லாமல் டாஷ்போர்டைப் பிரித்துப் பூட்டினால் கிளிப்புகள் உடைந்து, பிறகு குண்டும் குழியுமான ரோட்டில் கடகடவென்று ஒரு சத்தம் வண்டியோடு தங்கிவிடும்.

பிரிக்கிற வேளையில் இன்னொன்றும் பார்க்கச் சொல்லுங்கள்: எலி. நீங்கள் எழுதியதற்கும் எலிக்கும் நேரடியாக சம்பந்தம் தெரியவில்லை. ஆனாலும் வயல் ஓரத்தில் நிற்கிற வண்டி. மழையில் வரப்பெல்லாம் முழுகும்போதும், தை மாசியில் சம்பா அறுத்து வயல் வெறிச்சோடும்போதும் எலி மேட்டைத் தேடி வரும்; சூடு ஆறாத என்ஜின் அதற்கு நல்ல இடம். கடித்த வயரில் ஓரத்தில் இரட்டைப் பல் தடம் தெரியும், கீழே நெல் உமியும் புழுக்கையும் கிடக்கும். பானட்டுக்குள் புகையிலை வைப்பது கொஞ்ச நாளைக்குத்தான். விஷம் வைக்காதீர்கள், ஏசி வழிக்குள் போய்ச் செத்தால் உங்கள் அம்மாவால் அந்த வண்டியில் மூச்சுவிட முடியாது. வயலில் தஞ்சாவூர் கிட்டி என்கிற மூங்கில் எலிப்பொறி வைக்கிற ஆள் உங்கள் ஊரில் இருப்பார். கார் நிற்கிற கொட்டகை ஓரத்திலும் நாலு வைக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது கருகிய பழைய துண்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். ஃபியூஸின் நிறம் மூடியில் போட்ட அளவோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். அதே அளவில் இரண்டு ஸ்பேர் வாங்கி டாஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். பத்து இருபது ரூபாய்ச் சாமான். வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள், ஏனென்றால் மினி என்றும் சாதாரணம் என்றும் உருவத்திலேயே வேறுபாடு உண்டு. பிறகு பட்டறை வாசலிலேயே சார்ஜரில் போனை மாட்டி இருபது நிமிஷம் விட்டு, சாக்கெட்டின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

சார்ஜர் வாங்குவதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ரோட்டோரத்தில் தொங்குகிற மலிவுச் சரக்கில் முனை ஸ்பிரிங் சீக்கிரம் தளர்ந்துவிடும்; வண்டி அதிர அதிர உள்ளே பொறி விட்டுக்கொண்டே இருக்கும், அதுதான் சாக்கெட்டைத் தின்பது. செருகினால் இறுக்கமாக உட்கார வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது. ஒன்றை மூன்றாகப் பிரிக்கிற ஸ்பிளிட்டரும் வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறிய பிறகு உங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது உங்களுக்கே தெரியும். கார் இருந்த வீட்டு வாசலில் தெருவே வந்து போன் சார்ஜ் போட்டது. அந்த உதவியை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த மாதங்களில் பட்டறைக்கு வந்த சாக்கெட்டுகளில் பல, ஸ்பிளிட்டரின் அடிப்பாகம் உள்ளேயே உருகி ஒட்டிக்கொண்டு வந்தவை.

டயர் பம்பு அவசியம்தான், அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் பேட்டரியில் நேரடியாகக் கவ்வுகிற இரண்டு கிளிப் வைத்த பம்பாக மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது தானே சார்ஜ் வைத்துக்கொள்கிற பம்பு. கிளிப் மாட்டும்போது சிவப்பு பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும், வண்டி வெளியில் நிற்கட்டும், பெல்ட் ஓடுகிற பக்கம் புடவைத் தலைப்பு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பம்பை ஆறவிடுங்கள். தம்பிக்கு இதைச் சொல்லிவிடுங்கள், அவர் அன்று செய்தது எல்லோரும் செய்வதுதான்.

நெபுலைசரைப் பற்றி மனசாரச் சொல்கிறேன். மூச்சு சம்பந்தப்பட்ட கருவியைக் காரின் சாக்கெட்டை மட்டும் நம்பி வைத்திருக்காதீர்கள், சாக்கெட் சரியான பிறகும்கூட. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி, அதன் கேபிளோடு சேர்த்து அம்மாவின் மருந்துப் பையிலேயே வைத்துவிடுங்கள். போனுக்கு அதைத் தொட வேண்டாம். அந்த நெபுலைசர் பவர் பேங்கில் ஓடிக்கொண்டே மருந்து தருமா, சார்ஜ் ஏறிய பிறகுதான் தருமா என்பதை வீட்டில் ஒருமுறை மருந்து வேளையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விதமும் உண்டு. அடுத்த ஆஸ்பத்திரி நாளுக்குள் சாக்கெட் வேலை முடியாவிட்டால் பரவாயில்லை. முந்தின ராத்திரியே நெபுலைசர், பவர் பேங்க், போன் மூன்றையும் வீட்டில் முழுதாக ஏற்றிக்கொண்டு, ஃபியூஸ் இல்லாத அந்த இடத்தைக் காலியாகவே விட்டுக் கிளம்புங்கள்.